அசைபோடும் நேரம்

புதுமனை புகுவிழாவிற்கும் திருமணத்திற்கும் நம் மக்கள் வழங்கும் பரிசுகளுள் திருவிவிலியமும் ஒன்று. பெறுகிறவர் அதனை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, இல்லப் பீடத்தில் இயேசுவின் திரு இருதயப் படத்தின் அடியில் வைக்கிறார். மாலைதோறும் அதன்முன் விளக்கு எரிகிறது, செபமாலை சொல்லப்படுகிறது. இவை யாவும் நன்றே. ஆயினும் அந்நூல் திறக்கப்படுகிறதா? பெற்ற நாளில் ஏடுகள் எப்படி ஒட்டியிருந்தனவோ, பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னும் அப்படியே ஒட்டியிருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் இல்லை என்று துணிந்து கூற இயலுமா?

காரணம் கேட்டால் மூன்று விடைகள் வரும். நேரம் இல்லை என்பது முதலாவது. படித்தாலும் விளங்குவதில்லை என்பது இரண்டாவது. அது சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் உரியது, குடும்பத்தாருக்கு ஞாயிறு மறையுரையே போதும் என்பது மூன்றாவது. இவ்விடைகள் நம் காலத்தில் தோன்றியவை அல்ல. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியா நகரில் மறையுரை ஆற்றி வந்த புனித கிறிசோஸ்தோம் அருளப்பரிடம் அந்நகர மக்களும் இவற்றையே கூறினர். வழக்குமன்ற அலுவல் இருக்கிறது, தொழில் இருக்கிறது, மனைவி மக்கள் இருக்கிறார்கள், மறைநூல் வாசிப்பு மலையுச்சியில் தவமிருப்போர்க்கே உரியது என்றனர். புனிதரோ அவ்வாதத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். களத்திற்கு அப்பால் இருப்பவனைவிட, போரின் முன்னணியில் நின்று நாள்தோறும் காயம்படுகிறவனுக்கு அன்றோ மருந்து மிகுதியாக வேண்டும்? குடும்பப் பாரமும் தொழிற்கவலையும் அயலாரின் பகையும் சூழ்ந்திருக்கிறவர்களே இந்நூலை அதிகமாக நாடவேண்டியவர்கள் என்று அவர் அறிவுறுத்தினார்.

அவர் சொன்னதையே இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அகிலத் திருச்சபைக்கும் உரைத்தது. 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 25ஆம் எண், மறைநூலை அடிக்கடி வாசிக்குமாறு குருக்களையும் துறவியரையும் மட்டுமன்றி விசுவாசிகள் அனைவரையுமே வற்புறுத்துகிறது. மறைநூலை அறியாமல் கிறிஸ்துவை அறிந்துகொள்ள இயலாது என்ற புனித எரோணிமுஸின் கருத்தையும் அங்கே நினைவூட்டுகிறது. அதோடு நின்றுவிடவில்லை. வாசிப்போடு செபமும் சேரவேண்டும், அப்போதே அது இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே நிகழும் உரையாடல் ஆகும் என்கிறது. நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்தச் செபத்தையே.

நூலைத் திறப்பவர்களிடமும் குறைகள் உண்டு. சிலர் ஓடுகிறார்கள். ஓர் ஆண்டில் முழு விவிலியத்தையும் முடித்துவிட வேண்டும் என்று உறுதிபூண்டு, நாளுக்கு மூன்று அதிகாரம், நான்கு அதிகாரம் என்று விரைகிறார்கள். முழுவதையும் வாசிப்பது நல்லதே. எனினும், விரைந்து செல்லும் வண்டியின் சன்னல் வழியே ஊரைக் கண்டவன் அவ்வூரைக் கடந்தவனே அன்றி, அங்கே தங்கியவன் அல்லன். வேறு சிலர் குறி பார்க்கிறார்கள். கண்ணை மூடி ஏட்டைப் பிரித்து, விரல் பட்ட வரியே ஆண்டவர் அன்று தந்த வாக்கு என்கிறார்கள். அவ்வரி ஆறுதலாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். கடுமையாக இருந்தால் மறுபடியும் பிரிக்கிறார்கள். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இக்காலத்தில் மூன்றாவது குறை ஒன்றும் சேர்ந்துள்ளது. அன்றைய வசனம் பூவும் புறாவும் சூழ்ந்த அழகிய படமாகக் காலையிலேயே கைப்பேசியில் வந்து நிற்கிறது. பார்த்த மறுகணம் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நம் கையைக் கடந்து சென்ற வார்த்தை நம் நெஞ்சில் ஒரு கணமும் தங்கவில்லை. அஞ்சல்காரர் ஆயிரம் கடிதங்களைச் சுமக்கிறார். அவற்றுள் ஒன்றும் அவருக்கு எழுதப்பட்டதன்று!

இக்குறைகளுக்கு மாற்றாகத் திருச்சபையில் மிகப் பழைய வழி ஒன்று உண்டு. இலத்தீனில் 'லெக்சியோ திவீனா' எனப்படும் இதனை நாம் இறைவாசிப்பு என்று வழங்கலாம். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின் 48ஆம் அதிகாரம் கையுழைப்புக்கும் இவ்வாசிப்புக்கும் உரிய நேரங்களை நாள்தோறும் வகுத்துக் கொடுக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பெரிய சார்த்ரூஸ் மடத்திற்கு 9ஆம் தலைவராய் விளங்கிய இரண்டாம் குய்கோ என்னும் கார்த்தூசியத் துறவி, இதனை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவன் திருமுன் இளைப்பாறி நிற்றல் என்பன அப்படிகள். உணவை வாயில் இடுவது வாசிப்பு, மெல்லுவது தியானம், சுவையைப் பெறுவது செபம், அச்சுவையில் நிறைந்து மகிழ்வது நான்காம் படி என்று அவர் உவமை காட்டினார்.

நமக்கு இவ்வுவமை அயலானது அன்று. ஒன்றை மனத்தில் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதை 'அசைபோடுதல்' என்றே நம் தமிழ் சொல்கிறது. பகலெல்லாம் மேய்ந்த பசு தொழுவத்தில் படுத்துக்கொண்டு, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து நிதானமாக மெல்கிறது. அசைபோடாத மாட்டைக் கண்டால் உழவர் கவலை கொள்வார். அது நோயுற்றிருக்கிறது என்று அறிவார். வாசிப்பு மேய்ச்சல் என்றால், தியானம் அசைபோடும் நேரம்.

எப்பகுதியை அசைபோடுவது? இதற்கும் திருச்சபையே வழி செய்திருக்கிறது. 1969ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருப்பலி வாசக ஒழுங்கின்படி, ஞாயிறுகளில் மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்றாண்டுச் சுற்றில் வருகின்றன. யோவான் நற்செய்தி சிறப்பாகத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் ஒலிக்கிறது. வார நாள்களின் நற்செய்தி வரிசையோ ஆண்டுதோறும் ஒன்றே. இதைப் பின்பற்றுவதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. பகுதியை நாம் தேர்ந்துகொள்வதில்லை. அது நமக்குத் தரப்படுகிறது. நமக்கு இனியதும் வரும். நாம் தவிர்க்க விரும்புவதும் தன் நாளில் நம் வாயிலில் வந்து நிற்கும்.

அப்படி வந்து நிற்கும் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் 21 முதல் 35 வரையுள்ள வசனங்கள், மன்னிக்க மறுத்த பணியாளனின் உவமை. தவக்காலத்தின் 3ஆம் வாரச் செவ்வாயன்று ஆண்டுதோறும் இது வாசிக்கப்படுகிறது. மத்தேயு ஆண்டில், பொதுக்காலத்தின் 24ஆம் ஞாயிறன்றும் வருகிறது.

இதனை வாசிப்பவர் யார் என்றும் எண்ணிக்கொள்வோம். உடன்பிறந்தார் இருவர், தந்தை விட்டுச்சென்ற மனையில் இரண்டடி நிலத்திற்காக வழக்கு. அண்ணன் வீட்டுத் திருமணத்திற்குத் தம்பி செல்லவில்லை. தம்பி வீட்டில் இறப்பு நேர்ந்தபோது அண்ணன் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டார். ஞாயிறுதோறும் இருவரும் ஒரே கோவிலில், ஒருவர் இப்புறமும் மற்றவர் அப்புறமுமாக முழந்தாளிடுகின்றனர். ஒரே நற்கருணையை உட்கொள்கின்றனர். சமாதானத்தைப் பகிரும் வேளையில் இருவர் கண்களும் சந்திப்பதில்லை. இத்தகைய குடும்பம் இல்லாத பங்கு எது? அவ்விருவருள் இளையவர் ஓர் இரவு இப்பகுதியைத் தம் முன் விரித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம்.

முதலில் அவர் தூய ஆவியாரின் ஒளியை வேண்டி, பகுதியை வாய்விட்டு மெதுவாக வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் மீண்டும் ஒருமுறை வாசிக்கிறார். தெரிந்த கதைதானே என்று முதல்முறை ஓடிய கண், இரண்டாம் முறை நின்று பார்க்கிறது. பேதுரு ஏழு முறை மன்னிக்கலாமா என்று கேட்கிறார். ஆண்டவரோ அவ்வெண்ணைக் கணக்கிட இயலாத அளவுக்குப் பெருக்கிவிடுகிறார். பின்பு இரண்டு கடன்கள் வருகின்றன: ஒன்று பத்தாயிரம் தாலந்து, மற்றது நூறு தெனாரியம்.

இங்கே அசைபோடுதல் தொடங்குகிறது. தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். தாலந்து ஒன்று ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் அரசனுக்குப் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. 1,60,000 ஆண்டுகள் ஓய்வின்றி உழைத்தாலும் தீராது. அதனைத் திருப்பித் தருவேன் என்று சொன்ன மனிதன், தான் என்ன சொல்கிறான் என்பதையே அறியாதவன். அரசன் மனம் இரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்கிறான்.

மற்றக் கடன் நூறு தெனாரியம். இதனை அற்பத் தொகை என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நின்று எண்ணிப் பாருங்கள்! நூறு நாள் கூலி அற்பமா? ஓய்வுநாள்களை நீக்கினால் ஏறக்குறைய நான்கு மாத உழைப்பு. ஏழைக் குடும்பத்தில் நான்கு மாத ஊதியம் போய்விட்டால் அடுப்பு எரியுமா? இங்கேதான் நம் வாசகர் திடுக்கிடுகிறார். இவ்வளவு காலமும் அவருக்கு அறிவுரை கூறியவர்கள் எல்லாரும், இரண்டடி நிலம் ஒரு பெரிய காரியமா, விட்டுத் தள்ளு என்றார்கள். அவர் பட்ட அவமானத்தை அவர்கள் சிறிதாக்கினார்கள்; அதனால் அவர் நெஞ்சு மேலும் இறுகியது. ஆண்டவரோ அப்படிச் சொல்லவில்லை. உனக்கு நேர்ந்த இழப்பு உண்மையான இழப்பே என்று ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டு, அதனை வேறொரு கடனுக்கு அருகில் வைக்கிறார். அருகில் வைத்த பின்பே அது ஆறு இலட்சத்தில் ஒரு பங்காகத் தெரிகிறது. காயம் சிறியதென்பதால் அன்று, பெற்ற இரக்கம் அளவற்றது என்பதாலேயே மன்னிக்கச் சொல்கிறார்.

இன்னும் ஒன்று கண்ணில் படுகிறது. உடன்பணியாளன் காலில் விழுந்து கெஞ்சும் சொற்கள், சற்று முன்பு முதற்பணியாளன் அரசனிடம் கெஞ்சிய சொற்களே. தன் வாயிலிருந்து வந்த சொற்கள் பிறன் வாயிலிருந்து வந்தபோது அவனுக்கு அவை கேட்கவில்லை. அதுவும் எப்போது? அரசன் திருமுன்னிருந்து அவன் வெளியே சென்ற உடனேயே. இரக்கம் பெற்ற இடத்திற்கும் கழுத்தை நெரித்த இடத்திற்கும் இடையே ஒரு வாயிற்படிதான் இருந்திருக்கும். நற்கருணை வாங்கிக்கொண்டு கோவில் படியிறங்கும் நாமும் அவ்வாயிற்படியை அறிவோம்.

வினா ஒன்றும் எழக்கூடும். மன்னிப்பு என்றால் அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பதா? அடிபடும் மனைவி அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? ஏமாற்றப்பட்டவர் கணக்கே கேட்கக்கூடாதா? இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே அதிகாரத்தின் சில வரிகள் மேலே செல்லவேண்டும். 15 முதல் 17 வரையுள்ள வசனங்களில், தவறு செய்த சகோதரனிடம் தனியே சென்று அதை எடுத்துக்காட்டவும், கேளாவிடில் ஒருவர் இருவரை உடன் அழைத்துச் செல்லவும், அதற்கும் இணங்காவிடில் சபையினிடம் கூறவும் ஆண்டவர் வழிகாட்டுகிறார். நீதி கேட்பதை அவர் தடுக்கவில்லை. பழிவாங்கும் வெறியையே நம் நெஞ்சிலிருந்து பிடுங்குகிறார். ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுக்காமல் பகுதியை முழுமையாக வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அசைபோட்ட பின் செபம் தானாகவே பிறக்கும். அது அழகிய செபமாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான செபமாக இருந்தால் போதும். "ஆண்டவரே, அண்ணனை மன்னிக்க என்னால் இயலவில்லை, மன்னிக்க விரும்பவும் இயலவில்லை, விரும்பும் மனத்தையாவது தாரும்" என்று நம் வாசகர் கூறினால், அதுவே பெரிய செபம். பின்பு அவர் பேச்சை நிறுத்துகிறார். ஐந்து மணித்துளிகள் ஆண்டவர் திருமுன் அமைதியாக அமர்ந்திருக்கிறார். நோயுற்ற குழந்தை தாய்மடியில் ஒன்றும் பேசாமல் கிடப்பது போன்றது அது. இதுவே நான்காம் படி. துறவிகளுக்கு மட்டும் உரியதென்று இதனை எண்ணி நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் ஏணியில் ஏறியவர் மீண்டும் தரைக்கு இறங்கியாக வேண்டும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' என்னும் திருத்தூது ஊக்கவுரையின் 87ஆம் எண்ணில் இந்நான்கு படிகளையும் விளக்கிவிட்டு, வாசித்தது செயலில் கனியும்வரை இறைவாசிப்பு நிறைவுறுவதில்லை என்று கூறுகிறார். செயல் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வாசகர் மறுநாளே வழக்கைத் திரும்பப் பெறவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தெருவில் அண்ணன் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பாமல், "அண்ணா, நலமா?" என்று ஒரு சொல் கேட்கலாம். அண்ணி நோயுற்றிருக்கிறார் என்று அறிந்தால், தம் பிள்ளையின் கையில் பழம் கொடுத்து அனுப்பலாம். அண்ணன் அதனை ஏற்காமலும் போகலாம். ஏற்பது அவர் பொறுப்பு. அனுப்புவது இவர் பொறுப்பு.

நாள்தோறும் இப்படிச் செய்வதால் பயன் என்ன? ஒரு வரலாற்றைக் கேளுங்கள். வியட்நாம் நாட்டின் சைகோன் மறைமாநிலத்திற்கு வாரிசு உரிமையுள்ள துணைப் பேராயராக 1975 ஏப்ரலில் நியமிக்கப்பட்ட பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான், அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, சிறைப்படுத்தப்பட்டார். வழக்கு விசாரணை இன்றி 13 ஆண்டுகள் காவல். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. அவர் கையில் விவிலியம் இல்லை. கிடைத்த சிறுசிறு காகிதத் துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, தம் நினைவிலிருந்த நற்செய்தி வாக்கியங்களை, 300க்கு மேற்பட்டவற்றை, எழுதிச் சிறு ஏடாக்கிக்கொண்டார். அதுவே அவருக்கு அன்றாட உணவாயிற்று. 1988ஆம் ஆண்டு விடுதலை பெற்றார். 2001இல் கர்தினால் ஆனார். 2002இல் இறைவனடி சேர்ந்தார். திருச்சபை 2017ஆம் ஆண்டில் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது. அவரிடமிருந்து நூலைப் பறித்தார்கள். அசைபோட்டுச் செரித்ததைப் பறிக்க முடியவில்லை. நம்மிடமிருந்து நூலை எவரும் பறிக்கவில்லை. ஆயினும் மருத்துவமனைக் கட்டிலில், பார்வை மங்கிய முதுமையில், உறக்கம் வராத இரவில், நூல் கைக்கு எட்டாத வேளை நமக்கும் வரும். அப்போது நினைவிலிருந்து எத்தனை வாக்கியங்களை நம்மால் எழுத முடியும்?

இதனைக் குடும்பமாகச் செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். இரவுச் செபமாலைக்கு முன்னோ பின்னோ 15 மணித்துளிகளை ஒதுக்குங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்நேரம் ஓய்ந்திருக்கட்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த சிறுபிள்ளையும் வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கட்டும். கேட்பதும் இறைவாசிப்பே. வாசித்தபின் சிறிது நேரம் அமைதி. பின்பு ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் கூறலாம். விரும்பாதவர் கூறாமலும் இருக்கலாம். விவிலியத்தைப் புதிதாகத் திறப்பவர்கள் மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். அது 16 அதிகாரங்களே கொண்டது. விளங்காத இடங்களுக்கு, 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். வாசித்தும் ஒன்றும் தோன்றாத வறண்ட நாள்களும் வரும். அன்றும் அந்த 15 மணித்துளிகள் அமர்ந்திருங்கள். அமர்ந்திருப்பதே அன்றைய செபம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இறைவார்த்தையைப் பிறர்மேல் எறியும் கல்லாக்காதீர்கள். தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் பகுதி வந்ததும், "கேட்டாயா? இது உனக்குத்தான்!" என்று தந்தை மகனைப் பார்த்துச் சொன்னால், மறுநாள் அம்மகன் செபத்திற்கு வரமாட்டான். கணவனுக்குரிய வார்த்தையை மனைவியும், மருமகளுக்குரியதை மாமியாரும் தேடத் தொடங்கினால், வீட்டில் இறைவாசிப்பு நடைபெறவில்லை, வழக்குமன்றம் நடைபெறுகிறது. ஆண்டவர் இன்று எனக்கு என்ன சொல்கிறார் என்ற கேள்வி ஒன்றே அங்கே ஒலிக்கட்டும்.

இம்மாதப் பயிற்சியாக மத்தேயு 18ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து வசனங்கள் போதும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த வாரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கணக்கில் நூறு தெனாரியம் கடன்பட்டிருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் பெயரை நாள்தோறும் செபத்தில் ஒருமுறை சொல்லுங்கள். மாத இறுதிக்குள் அவரை நோக்கி ஓர் அடியேனும் எடுத்து வையுங்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, உமது வார்த்தை எங்கள் பீடத்தில் மட்டுமன்றி எங்கள் நாவிலும் நெஞ்சிலும் தங்கச் செய்தருளும். நாங்கள் விரும்பாததை நீர் பேசும்போதும் ஏட்டை மூடிவிடாத துணிவைத் தாரும். நீர் தள்ளுபடி செய்த கடனை மறவாமல், எங்கள் உடன்பிறந்தாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் அருளை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.